ஊசி, தகடு, ரத்தம்!

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவள் தரையில் கிடந்தாள்!

வெள்ளைக் கோட்டு. காலர் முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. தலைமாட்டில் கேஸ் சிலிண்டர் திறக்கிற கனத்த ஸ்பேனர். சுவரில் தொங்க வேண்டிய சாமான். சுற்றிலும் உடைந்த கண்ணாடிக் குடுவையின் சில்லுகள்...

காலையில் பெருக்க வந்த அம்மாள் சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே போட்டாள் பாருங்கள் ஓர் அலறல்... ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்று மாடியும் கிடுகிடுத்தது!

போலீஸ் வந்த பிறகும் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்தார்.

"எங்கடி தொலைஞ்ச? நேத்து சாயங்காலத்திலேருந்து கூப்பிடறேன், எடுக்கறதுக்கு என்ன கேடு?"

"அம்மா, நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். நீங்க யாரு?"

"அவ அக்கா. போனை அவகிட்ட குடுங்க."

இன்ஸ்பெக்டர் எத்தனையோ வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல மட்டும் இன்னும் பழகவில்லை.

*

அக்கா வந்தாள். வந்தாள் என்றா சொன்னேன்? புயல் மாதிரி மாடி ஏறினாள்!

அறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தடயம் எடுக்கிறோம், யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார்கள். "என் தங்கச்சியைப் பார்க்க உங்ககிட்ட பர்மிஷனா?" என்று கத்தித் தீர்த்தாள். பயனில்லை. ஆஸ்பத்திரியில், வெள்ளைத் துணி சுற்றிய பிறகுதான் பார்க்க முடிந்தது.

அழவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வராது. அந்தக் கோபத்தை யார் தலையில் இறக்குவது என்பதுதான் பிரச்சினை.

இன்ஸ்பெக்டர் ஒரு தலையைத் தயாராக வைத்திருந்தார். செத்தவளின் புருஷன். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். முந்தின நாள் மத்தியானம் கட்டட வாசலில் நின்று, "லேப்தான் வீடுன்னா அங்கேயே கிட. வீட்டுப் பக்கம் வந்தா நடக்கறதே வேற" என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டிருக்கிறான். அப்புறம் எங்கே போனான்? பூங்காவில் உட்கார்ந்திருந்தானாம். தனியாக. சாயங்காலம் முழுக்க. பார்த்தவர் எவரும் இல்லை!

கட்டடத்தில் கேமரா இருக்குமே என்பீர்கள். இருந்தது. வயர்தான் இணைக்கவில்லை. டெண்டர் விட்டிருக்கிறார்களாம். விளங்கிடும்!

"மத்தியானம் நடந்த சண்டையை யார் சொன்னது?" என்று அக்கா கேட்டாள்.

"அவங்க ஃப்ரெண்டு. அடுத்த ரூம்ல வேலை பார்க்கிற பொண்ணு. தானா வந்து ஸ்டேட்மென்ட் குடுத்துச்சு."

அக்காவுக்குப் புரிந்தது. சிட்டு.

தங்கை வைத்த செல்லப்பெயர் அது. இரண்டு பேரும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். மத்தியானமே தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டதாகவும், போகும்போது வாசலில் அந்தச் சண்டையைப் பார்த்ததாகவும் சிட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடி வந்து, "அவர் அடிக்கிற ஆள் இல்லக்கா, ஆனா பார்த்ததைச் சொல்லாம இருக்க முடியல" என்று அக்காவின் தோளில் சாய்ந்து தேம்பினாள்.

"சார், அந்த ஆளு கரப்பான்பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிக்கறவன்" என்றாள் அக்கா.

"கட்டில்ல ஏறினவன் கொலை பண்ணமாட்டான்னு சட்டத்துல இல்ல மேடம். நாளை மறுநாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோறோம். அங்கேருந்து ஜெயில். வேற யாரையாவது காட்டுங்க, விட்டுடறேன்."

ஆக, கையில் இருந்தது இவ்வளவுதான். நாளை மறுநாளுக்குள் கொலைகாரனைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கட்டில் மேல் ஏறுகிற அந்த அப்பாவி உள்ளே. அவனுடைய நாலு வயது மகள், அம்மா இல்லாமல், அப்பாவும் இல்லாமல்!

*

அக்காவும் அதே தொழில்காரிதான். ஊரின் அந்தக் கோடியில் வேறொரு நிறுவனம். படிகத்தை எக்ஸ்ரே மெஷினில் வைத்து, உள்ளே எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை.

போனைத் திறந்து இன்ஸ்பெக்டரிடம் ஒரு படத்தைக் காட்டினாள். தங்கை முந்தின நாள் சாயங்காலம் அனுப்பியது. குடுவையின் அடியில் மெல்லிய, பளபளப்பான தகடுகள். கீழே ஒரு வரி. 'அக்கா, தகடு வந்திருச்சு. உனக்குத்தான் முதல்ல. யார்கிட்டயும் மூச்சு விடாத, நான் ரூமை விட்டு நகரப்போறதில்ல.'

"இது என்ன மேடம், சர்க்கரையா?"

"உங்களுக்குக் கெமிஸ்ட்ரி எவ்வளவு தெரியும்?"

"பத்தாவதுல வாங்கின அடி தெரியும்."

பொறுமையாகச் சொன்னாள். பொறுமை அவளிடம் கொஞ்சம்தான் இருந்தது, அதையும் செலவழித்தாள்.

குளோரின் ஏற்றிய ஓர் அமைடு, மருந்தாக்கப் பார்க்கிற வேதிப்பொருள். அந்த மூலக்கூறுக்கு ஒரு பக்கம் ஹைட்ரஜன் கை. இன்னொரு பக்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள ஆக்சிஜன். ஒன்றின் கையை அடுத்தது பிடிக்க, அதன் கையை அதற்கடுத்தது பிடிக்க, நீள வரிசையாக நின்றால் படிகம் ஊசி ஊசியாக வரும். இத்தனை வருஷமாக உலகத்தில் எவன் செய்தாலும் ஊசிதான். ஊசி தண்ணீரில் கரையாது. கரையாதது மருந்தாகாது.

"அதுவே இரண்டு இரண்டா ஜோடி சேர்ந்து கை பிடிச்சுக்கிட்டு, குளோரினும் குளோரினும் தோளோட தோள் உரச, பாய் விரிச்ச மாதிரி பரவினா தகடு வரும். தகடு கரையும். மாத்திரையாகும். ரெண்டு வருஷமா அந்தக் கட்டடத்துல மூணு ரூம்ல மூணு பேர் இதுக்குத்தான் முட்டி மோதினாங்க. என் தங்கச்சி, சிட்டு, அப்புறம் புரொபசர்."

"பொருள் ஒண்ணுதான், நிக்கிற விதம்தான் வேறன்னு சொல்றீங்க?"

"ஆமா."

"ரேஷன் கடை க்யூவும் கல்யாணப் பந்தியும் மாதிரி."

அக்கா அவரை முறைத்தாள். ஆனால் ஆள் சொன்னது சரிதான்.

*

துக்க வீட்டுக்குப் புரொபசர் வந்தார். மாலை போட்டார். கண்ணை மூடி நின்றார். பிறகு அக்காவின் அருகே நகர்ந்து, மெல்லிய குரலில், செத்தவளின் லேப்டாப் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது?

அக்கா குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் செருப்பு இருந்தது! புரொபசர் படியில் இறங்கிய வேகத்தை அவர் வயதில் எவனும் இறங்கியிருக்கமாட்டான்.

அந்த வாரம்தான் அந்த மனுஷன், ஒழுங்காகச் சொன்னதைச் செய்யாவிட்டால் திட்டத்தை விட்டே தூக்கிவிடுவேன் என்று தங்கையை எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். தகடு கிடைத்தது தெரிந்தால் சும்மா இருப்பாரா? அக்கா முடிவே கட்டிவிட்டாள். இவன்தான். இவனேதான்!

சிட்டுதான் அந்த வீட்டைத் தாங்கினாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குழந்தைக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். அப்பா எப்போ வருவார் என்று அது கேட்டபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் எனக்கு ஒரு தங்கச்சிதான் என்றாள். வாய் விட்டுச் சொன்னாள். பாவி மனசு!

சாயங்காலம் பால் காய்ச்சி உறை ஊற்றும்போதுதான் அக்காவின் கை அப்படியே நின்றது.

உறை!

நேரே ஸ்டேஷனுக்குப் போனாள்.

"சார், பால்ல ஒரு சொட்டு மோர் விழுந்தா போதும், தயிராயிடும் இல்லையா? படிகமும் அப்படித்தான். தகட்டோட ஒரு தூசு, கண்ணுக்கே தெரியாத தூசு, ஒரு குடுவையில விழுந்தா போதும். ஊசியா நிக்க வேண்டியதெல்லாம் அந்தத் தூசைப் பார்த்துத் தகடா நிக்க ஆரம்பிச்சிடும். சட்டையில, முடியில, செருப்புல ஒட்டிக்கிட்டு ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்கு வந்துடும். எத்தனை லேப் இதால தலையில கை வெச்சிருக்கு தெரியுமா?"

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

"தகடு முதல் முதல்ல வந்தது அந்தச் சாயங்காலம். அந்த ரூம்ல குடுவை உடைஞ்சு கிடந்துச்சு. அங்க யார் நின்னாங்களோ அவங்க மேல தூசு ஒட்டியிருக்கும். புரொபசர் என்ன சொல்றாரு? மாசக்கணக்கா அந்த ரூம் பக்கமே போகலன்னு. அவரோட ரூம்ல போய் அவரையே படிகம் பண்ணச் சொல்லுங்க. தகடு வந்தா, பொய் சொல்றாரு. கொலைகாரன் அவன்தான்."

"நம்ம ஆளுங்க கால்லயும் ஒட்டியிருக்குமே?"

 அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. கோபக்காரிகளுக்கு எல்லாமே பார்த்துக்கொள்ளலாம்தான்.

*

மறுநாள் காலை. புரொபசரின் அறை.

ஒரு சிறு பரிசோதனை, எங்களுக்குப் புரிகிற மாதிரி செய்து காட்டுங்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் மனுஷன் மகிழ்ந்தே போனார். வெள்ளைப் பொடியைச் சூடான ஆல்கஹாலில் கரைத்தார். வடிகட்டினார். மூடி ஆற வைத்தார். இன்ஸ்பெக்டருக்கும் ஒரு குடுவை கொடுத்து, இப்படிக் கலக்குங்கள், நல்ல கைராசி உள்ளவர்களுக்குத்தான் பெரிசாக வரும் என்று பெருமை வேறு. அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான் அது. படித்தவன், படிக்காதவன் பேதமில்லை!

அக்கா சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மடக்கி மடக்கி விரித்தாள். குடுவை ஆறியது. அடியில் ஏதோ மினுங்கியது...

ஊசி.

இரண்டு குடுவையிலும் ஊசி!

மெல்லிய, நீளமான, பஞ்சுப் பொதி மாதிரி ஊசி. தகடு மருந்துக்குக்கூட இல்லை.

"போலீஸ்காரர் கையிலயும் நல்லாத்தான் வருது" என்று சிரித்தார் புரொபசர்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் பொரிந்து தள்ளினார். பெரிய மனுஷனைச் சந்தேகப்பட வைத்து மானத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார். நாளைக்குக் கோர்ட், இனிமேல் என்னிடம் வராதீர்கள் என்றார். அக்கா திரும்பி நடந்தாள். லாக்கப்பில் இருந்த தங்கை புருஷனைப் பார்க்கப் போனாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சவரம் செய்யாத முகமும் கலைந்த தலையுமாக, உருக்குலைந்து.

"அக்கா, நான் அன்னிக்குக் கத்தியிருக்கக் கூடாது. கடைசியா நான் பேசினது அதுதான்" என்றான். "பாப்பாவை உங்க வீட்டுலயே வெச்சுக்கோங்க. இங்க மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

அப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை விழுங்குவதற்குள்...

போன்!

சிட்டு. குரலில் சந்தோஷம் பொங்கியது.

"அக்கா, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். தகடு வந்திருச்சுக்கா. எவ்வளவோ நாள் வராதது, இப்போ தொட்ட குடுவையெல்லாம் தகடு. அவ ஆசீர்வாதம்தான்க்கா. உங்க மெஷின்ல வெச்சுப் பார்த்துத் தர்றீங்களா?"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

புரொபசர் அறையில் ஊசி. சிட்டுவின் அறையில் தகடு!

"கைராசிடி உனக்கு" என்றாள் அக்கா. அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. "எதையும் தொடாத. இதோ வர்றேன்."

*

தனியாகப் போகவில்லை.

இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் சிட்டுவின் சிரிப்பு ஒரு நொடி தடுமாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு குடுவைகளைக் காட்டினாள். வரிசையாகத் தகடு. ஒன்றில்கூட ஊசி இல்லை.

"எப்படிம்மா வந்துச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற வைத்ததாகவும், எல்லாம் கைப்பக்குவம்தான் என்றும் சொன்னாள்.

"நான் ஒண்ணு போடட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஆரம்பித்தார். பொடியைக் கொட்டும்போது பாதி மேஜையில் கொட்டினார். பக்குவமாவது ஒன்றாவது! குடுவையைக் கடகடவென்று ஆட்டினார். அக்கா பார்த்துப் பார்த்து என்று சொல்லக்கூட இல்லை. எல்லோரும் உட்கார்ந்து குடுவை ஆறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தகடு.

பளபளவென்று, தட்டையாக, அழகான தகடு!

"காலையில புரொபசர் ரூம்ல இதே கை, இதே பொடி. ஊசி வந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "இங்க தகடு வருது. அப்போ ராசி கையில இல்லம்மா. ரூம்ல இருக்கு. உன் ரூமுக்குத் தகட்டுத் தூசு எப்படி வந்துச்சு?"

சிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். மறுபடி கழற்றி மாட்டினாள்.

"உங்க ஆளுங்க கால்ல வந்திருக்கும்."

"எங்க ஆளுங்க அந்த ரூம்லேருந்து அதே காலோட நேரா புரொபசர் ரூமுக்குத்தான் போனாங்க. அரை நாள் அங்கேயே உட்கார்ந்து டீ குடிச்சாங்க. அங்க வராத தூசு, உள்ளயே கால் வெக்காத உன் ரூமுக்கு மட்டும் வருமா?"

"அவளே... அவளே வந்திருப்பா. அன்னிக்கு."

"அவ ரூமை விட்டு நகரலடி" என்று அக்கா போனை நீட்டினாள். "தகடு வந்த நிமிஷம் எனக்கு எழுதியிருக்கா, படி. நீதான் மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டியே. அப்போ அந்தத் தூசு உன்கூட எப்படிடி வந்துச்சு?"

சிட்டு படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். 

பிறகு சிட்டு பேசினாள். அழவில்லை. அவளுக்கும் கோபம்தான். பொங்கிப் பொங்கி வந்தது கோபம்.

"வீட்டுக்குப் போனேன். மனசு கேக்காம திரும்பி வந்தேன். கதவைத் திறந்து சிரிச்சுக்கிட்டே காட்டினா. ரெண்டு வருஷம் நானும்தான் கலக்கினேன், கலக்கிக் கலக்கி என் கை தோல் உரிஞ்சுபோச்சு. எனக்கு இந்த மாசத்தோட ஸ்காலர்ஷிப் முடியுது. ஊருக்குப் போய் என்னன்னு சொல்வேன்? சேர்ந்து பண்ணினோம்னு சொல்லுடின்னு கெஞ்சினேன். 'எல்லாரும் கலக்கினாங்க, எனக்குத்தான் வந்துச்சு'ன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னாக்கா. அந்தச் சிரிப்புதான்..."

"அந்தச் சிரிப்புக்காகவாடி?" என்றாள் அக்கா.

"அப்படியே என் ரூமுக்கு ஓடி வந்தேன். கோட்டை எரிச்சேன். தலைக்குக் குளிச்சேன். குடுவையெல்லாம் கழுவினேன். அப்புறம் எனக்கும் வந்தப்போ... என் கையிலயும் வருதுன்னு நினைச்சேன்க்கா. அவளை விட நான் ஒண்ணும் குறைச்சல் இல்லன்னு நினைச்சேன்."

பளார்!

சிட்டுவின் கண்ணாடி பறந்து சுவரில் போய் மோதியது. இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் எதையோ பார்ப்பது மாதிரித் திரும்பிக்கொண்டார்.

"என் தங்கச்சி மண்டையை உடைச்ச கையால அவ குழந்தைக்குத் தலை பின்னினியேடி" என்றாள் அக்கா. "அப்பன் எங்கன்னு அது கேட்டப்போ உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே பின்னின. எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

 சிட்டு கன்னத்தைப் பிடித்தபடி நின்றாள்.

உடைந்த குடுவையின் சில்லில் ஒட்டியிருந்ததையும், சிட்டுவின் குடுவையில் இருந்ததையும் அன்று சாயங்காலமே அக்கா தன் மெஷினில் வைத்தாள். சாட்சிக்குப் போலீஸ் பக்கத்தில் நின்றது. இரண்டிலும் ஹைட்ரஜன் கைகள் ஜோடி ஜோடியாகவே பிடித்திருந்தன. குளோரின்கள் தோளோடு தோள் உரசி நின்றன. அணு பிசகாமல் ஒரே கட்டமைப்பு! தங்கை ரெண்டு வருஷம் தேடியதை முழுசாகப் பார்த்த முதல் ஆள் அக்காதான். பார்த்துவிட்டு, மெஷின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதுவரை சேர்த்து வைத்த அழுகை அத்தனையையும் அழுதாள்.

*

டிராயிங் மாஸ்டரை விட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில் குழந்தை ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது. தாடி குத்துதுப்பா என்றது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் அவனருகே போய், தப்பா நினைச்சுக்காதீங்க மாஸ்டர் என்றார். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நிமிர்த்துவானா? அவர் முகத்தில் காறித் துப்பாமல் விட்டதே பெரிய மனசு.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. புரொபசர்!

அக்காவுக்கு உறுத்தியது. என்ன இருந்தாலும் அந்த மனுஷன் கொலை செய்யவில்லை. வீணாகச் சந்தேகப்பட்டாயிற்று. மன்னிப்பு ஒன்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

புரொபசர் முந்திக்கொண்டார். நடந்ததற்கு ரொம்ப வருத்தப்படுவதாகச் சொன்னார். ஒரு விநாடி தலை குனிந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தகடு... என்ன இருந்தாலும் என் டிபார்ட்மென்ட்ல வந்தது. நீங்க கட்டுரை எழுதும்போது என் பேரு முதல்ல வருமா, ரெண்டாவதா வருமா?"

அக்கா செருப்பைப் பார்த்துக் குனிவதற்குள் இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"சார்ஜ்ஷீட்ல ரெண்டாவது இடம் காலியாத்தான் இருக்கு சார். போட்டுடட்டுமா?"